முப்பதுக்கு ஆறு

ஜனவரி 8

அன்புள்ள எலிக்கு,

அண்ணன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் சுகம். தங்கச்சி, நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை இன்னும் பென்சிலைத்தான் கடித்துக்கொண்டிருக்கிறாயா? அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. சேர்ந்துவிட்டேன் என்று ஒரு கடிதம், அதோடு சத்தமே இல்லை.

என் வலது முழங்காலுக்கு ஒருவழியாகத் தேதி கொடுத்துவிட்டார்கள். பிப்ரவரி இருபது. இருபத்தாறு வருஷம் மண்டியிட்டு டைல்ஸ் பதித்த கால். எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஏங்க, இதை வச்சுக்கிட்டா இத்தனை நாள் நடந்தீங்க?" என்று கேட்டார். எனக்கு அது பாராட்டு மாதிரிதான் பட்டது. பழைய மூட்டை எடுத்துவிட்டு உலோகத்தில் புது மூட்டு வைப்பார்களாம்.

இந்தத் தேதி தவறக்கூடாது. காண்ட்ராக்டர் புது ஹாஸ்டல் கட்டடத்தின் தளவேலையை எனக்காக ஏப்ரல் கடைசிவரை நிறுத்தி வைத்திருக்கிறார். மண்டியிட வேண்டாம், ஸ்டூலில் உட்கார்ந்து ஆட்களை மேய்த்தால் போதும் என்கிறார். ஆனால் மூன்று மாடி நானே ஏறி வரவேண்டும். இதை விட்டால் ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு வேறு யார் வேலை தருவார்கள்?

இப்போது சிக்கல். நாலு பக்கத்துக்கு ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். 'வலிக் கணிப்புப் படிவம்.' ஆபரேஷனுக்குப் பிறகு யாருக்கு வலி அதிகம் இருக்கும், யார் வலி மாத்திரையை விடமாட்டார்கள் என்று முன்கூட்டியே கண்டுபிடிக்கிறார்களாம். தூக்கம் வருகிறதா, அழுகை வருகிறதா, வலி என்றால் பயமா என்று இருபத்திரண்டு கேள்வி. அடியில் பொடி எழுத்தில் பார்த்தால் உன் ஆபீஸ் பெயர்! இதில் பாஸ் மார்க் என்ன? எதற்கு எதைப் போட்டால் தள்ளிவிட மாட்டார்கள்? அண்ணன் பிழைப்பு உன் கையில் இருக்கிறது.

போனில் கேட்டிருக்கலாம். வீட்டுக்கு இருப்பது ஒரு போன், அது காலையிலேயே உன் அண்ணியோடு தையல் கம்பெனிக்குப் போய்விடும். இது அவள் காதில் விழவேண்டிய விஷயமும் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். சீக்கிரம் பதில் போடு.

உன் அண்ணன்


ஜனவரி 17

அன்புள்ள அண்ணா,

நான் நன்றாக இருக்கிறேன். பென்சில் கடிப்பதை விட்டாயிற்று, இங்கே எல்லாம் கம்ப்யூட்டர். உன் கால் வீக்கம் எப்படி? அண்ணிக்குத் தோள்வலி இருந்ததே, குறைந்ததா?

உன் கடிதத்தைப் படித்து முதலில் கோபம்தான் வந்தது. பரீட்சைக் கேள்வித்தாளை வெளியே விடுகிற ஆளாக என்னை நினைத்துவிட்டாயா என்று இரண்டு நாள் பதில் எழுதவில்லை. ஆனால் உன்னோடு யார் மல்லுக்கட்டுவது?

என் வேலையே இதுதான். பல ஊர்களிலிருந்து வருகிற படிவங்களைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். அது முப்பதுக்கு மார்க் போடும். பதினைந்துக்குக் கீழே என்றால் பச்சை, மேலே என்றால் சிவப்பு. சிவப்பு அட்டை ஒட்டிய ஃபைல்கள் சிலவற்றில் 'ஒத்திவைப்பு' என்று முத்திரை குத்தியிருப்பதை நானே பார்த்திருக்கிறேன். அதனால்தான் பயம்.

சொல்கிறேன், கேட்டுக்கொள். தூக்கம்: நன்றாக வருகிறது. உடம்பில் வேறு எங்காவது வலி: இல்லை. மனச்சோர்வு, கவலை: இல்லை. 'இந்த வலி தீரவே தீராது என்று தோன்றுகிறதா?' இதற்கு மார்க் அதிகம், கண்ணை மூடிக்கொண்டு இல்லை என்று போடு. இப்போதே பலமான வலி மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்பதற்கு இன்னும் அதிகம். அதற்கும் இல்லை. வலியின் அளவு பத்துக்கு எவ்வளவு என்று கேட்டால் சின்ன எண்ணாகப் போடு. கடைசிக் கேள்வி, 'இந்தப் படிவத்தை நிரப்ப யாராவது உதவினார்களா?' இல்லை என்று போட்டுவிடு, இல்லாவிட்டால் என் வேலை போய்விடும்.

இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு. அது இருக்கட்டும், நீ நிஜமாகவே மாத்திரை ஏதும் சாப்பிடுகிறாயா? எனக்கு மட்டும் சொல்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல். குளிருகிறது, காலைப் போர்த்திக்கொண்டு உட்கார்.

எலி


ஜனவரி 28

அன்புள்ள எலிக்கு,

உன் கடிதம் வந்தது. இருவரும் சௌக்கியம். அண்ணியின் தோள்வலி அப்படியே இருக்கிறது. சட்டைக் காலர் தைப்பதை நிறுத்தினால்தான் போகுமாம், நிறுத்துவாளா?

படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டேன். வலி பத்துக்கு இரண்டு. தூக்கம் குழந்தை மாதிரி. கவலையா, எனக்கா? வாங்கிக்கொண்ட நர்ஸம்மா புரட்டிப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு எதுக்குங்க ஆபரேஷன்?" என்று சிரித்தார். பள்ளிக்கூடத்தில் இப்படிக் காப்பியடித்திருந்தால் இன்று நானும் உன்னைப் போல நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன்.

கூட வேலை செய்கிறவர்கள் நேற்று வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். "ரசமட்டம் இல்லாம சைட்டே கோணலா இருக்கு" என்றார்கள். தரை சமமா என்று பார்க்கிற அந்தக் கருவியின் பேரைத்தான் எனக்கு வைத்திருக்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா? தரையைக் கண்ணால் பார்த்தே நூல் பிசகாமல் சமமா என்று சொல்லிவிடுவேன். அந்தப் பேரோடு ஏப்ரலில் திரும்பிப் போகவேண்டும்.

நீ வேறென்னவோ கேட்டிருந்தாய். கவலைப்படாதே. நேரத்துக்குத் தூங்கு.

உன் அண்ணன்


பிப்ரவரி 12

அன்புள்ள அண்ணா,

சுகம்தானே? இங்கே எனக்குச் சளி, மற்றபடி குறையில்லை.

உன் படிவம் நேற்று என் மேசைக்கே வந்தது! பேர் இருக்காது, எண் மட்டும்தான். ஆனால் தேதியில் குறுக்கே கோடு போட்ட ஏழு என்ற எண்ணைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. சுண்ணாம்புக்கட்டியால் டைல்ஸில் எழுதும்போது ஒன்றும் ஏழும் குழம்பும் என்று நீ போடுகிற அதே கோடு. கம்ப்யூட்டரில் ஏற்றினேன். முப்பதுக்கு ஆறு. பச்சை. அன்று வந்ததிலேயே குறைந்த மார்க் உன்னுடையதுதான். பக்கத்து மேசைக்காரர், "இந்த ஆளு கல்லுல செஞ்சவரு போல" என்றார். நான் அடுத்த படிவத்தை எடுத்துக்கொண்டேன்.

கேட்டதற்குப் பதில் வரவில்லை என்பதைக் கவனித்தேன். சொல்லாவிட்டால் போ. தைரியமாகப் படுத்து எழுந்திரு. எட்டு நாளும் உன் நினைப்பாகவே இருப்பேன்.

எலி


மார்ச் 12

அன்புள்ள எலி,

கையெழுத்து கோணலாக இருந்தால் பயப்படாதே, படுத்துக்கொண்டு எழுதுகிறேன். உன் சளி போயிற்றா?

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நாலாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பச்சை அட்டைக்காரர்களுக்கு அதிகம் பார்க்கவேண்டியதில்லையாம். ஏழு நாளைக்குக் கனமான வலி மாத்திரை, செய்யவேண்டிய பயிற்சிகள் படம் போட்ட ஒரு தாள், ஆறு வாரம் கழித்து வரச்சொல்லி ஒரு சீட்டு. அவ்வளவுதான். அந்த மாத்திரை அபின் குடும்பத்தைச் சேர்ந்ததாம். அப்பேர்ப்பட்ட குடும்பமெல்லாம் நமக்கெதற்கு? மார்ச் மூன்றாம் தேதியோடு தீர்ந்தது, நானும் விட்டுவிட்டேன்.

வலி பத்துக்கு இரண்டு. உன் ஆபீஸில் கேட்டால் அப்படியே சொல்.

பக்கத்து வீட்டில் ரிட்டையரான தபால்காரர் இருக்கிறார். அவருக்கும் போன வருஷம் இதே ஆபரேஷன் நடந்தது. அண்ணி வேலைக்குப் போனபிறகு அவர்தான் வந்து பேச்சுத்துணைக்கு உட்காருகிறார். நல்ல மனுஷன், வெறுங்கையோடு வரமாட்டார்.

வயிறுதான் வேலைநிறுத்தம் செய்கிறது. உடம்பெல்லாம் அரிப்பு. படுத்தே கிடந்தால் அப்படித்தான் என்று நானே முடிவு செய்துகொண்டேன். கண் சொக்குகிறது. நிறுத்துகிறேன்.

அண்ணன்


மார்ச் 20

அண்ணா,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. நேராகச் சொல்லிவிடுகிறேன்.

திங்கட்கிழமை எங்கள் ஆபீஸில் கூட்டம். இந்தக் கணிப்பு வேலையை நடத்துகிற டாக்டரம்மா வந்து, புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு விளக்கினார். சிவப்பு என்றால் ஆபரேஷனைத் தள்ளிப்போடுவதில்லை. சிவப்புக்காரர்களுக்குத்தான் கூடுதல் கவனிப்பு. மரத்துப்போகிற ஊசி தனியாகப் போடுவார்கள். பயிற்சி சொல்லித்தர வீட்டுக்கே ஆள் வரும். வாரம் இரண்டு முறை நர்ஸ் போன் செய்து, மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து விடவைப்பார். நான் கேட்டேன்: "அப்போ அந்த ஒத்திவைப்பு முத்திரை எதுக்கு மேடம்?" "அதுவா, சுகர் ஏறியிருந்தவங்களுக்கு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லம்மா."

யாரிடமும் கேட்காமல், ஒரு முத்திரையைப் பார்த்து நானே ஒரு கதையைக் கட்டிக்கொண்டு, உனக்கு வரவேண்டிய அத்தனையையும் என் கையாலேயே தடுத்திருக்கிறேன். எழுதிக்கொடுத்த ஒவ்வொரு 'இல்லை'யும் இப்போது என்னைக் குத்துகிறது.

இன்னொன்று. வயிறு வேலைநிறுத்தம், அரிப்பு, கண் சொக்குவது எல்லாம் அந்த மாத்திரை செய்கிற வேலை. இங்கே தினம் பத்துப் படிவத்தில் படிக்கிறேன். மார்ச் மூன்றாம் தேதியே விட்டுவிட்டதாக எழுதியிருக்கிறாய். பன்னிரண்டாம் தேதி ஏன் சொக்குகிறது? தபால்காரர் கையில் என்ன கொண்டுவருகிறார்?

உண்மையான எண்ணை எழுது. கெஞ்சிக் கேட்கிறேன்.

எலி


ஏப்ரல் 4

அண்ணா,

இரண்டு வாரமாகப் பதில் இல்லை. அண்ணி வீட்டில் இருக்கிற நேரம் பார்த்து மூன்று முறை போன் செய்தேன். மூன்று முறையும், "நல்லா இருக்கேன், வச்சுடு" என்றாய். கடைசி முறை 'இருக்கேன்' என்பதற்கும் 'வச்சுடு' என்பதற்கும் நடுவில் நீ தூங்கிவிட்டாயோ என்று நினைத்தேன்.

ஒரு வரி போதும். எழுது.

எலி


ஏப்ரல் 9

அன்புள்ள நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுகிறேன். உன் உடம்பு நலம் என்று நம்புகிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, தப்பிருந்தால் பொறுத்துக்கொள். போனில் சொல்லலாம் என்றால் வீட்டில் இவர் பக்கத்திலேயே இருக்கிறார், கம்பெனியில் சுற்றிலும் ஆட்கள். தையல் கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன்.

உன் அண்ணன் சரியாக இல்லை. தபால்காரருக்குப் போன வருஷம் கொடுத்த மாத்திரை நிறைய மிச்சமாம். பாவம், நல்லது செய்வதாக நினைத்து ஒவ்வொரு அட்டையாகக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். முதலில் ஒரு நாளைக்கு மூன்று. இப்போது எட்டு. குப்பைக்கூடையில் வெற்று அட்டைகளைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது. கேட்டால், "வலி உனக்கா எனக்கா?" என்று கத்துகிறார். இருபத்து மூன்று வருஷத்தில் என்னைப் பார்த்துக் கத்தியதில்லை. பயிற்சி செய்வதே இல்லை, ஆறு வாரம் கழித்து வரச்சொன்ன சீட்டுக்கும் போகவில்லை. கால் பாதிதான் மடங்குகிறது.

போன சனிக்கிழமை எனக்கு அரை நாள் வேலை. மதியம் வீட்டுக்கு வந்தால் நாற்காலியில் தலை தொங்கக் கிடக்கிறார். கூப்பிட்டேன், அசைவில்லை. நெஞ்சில் கை வைத்தால் மூச்சு ஒன்று வந்து, அடுத்தது வர ரொம்ப நேரம் ஆகிறது. எண்ணிக்கொண்டே நின்றேன். கன்னத்தில் ஓங்கித் தட்டினேன், நாலு முறை. கண்ணைத் திறந்து, "எந்த சைட்டுக்குப் போகணும்?" என்று கேட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அழுதேன். "அங்க போனா எலியோட வேலை போயிடும்" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

மறுநாள் மிச்ச அட்டைகளைத் தேடும்போது, ரசமட்டம் வைக்கிற பெட்டிக்குள் உன் ஜனவரிக் கடிதம் கிடைத்தது. கிழிக்கச் சொல்லியிருக்கிறாய். இவர் மடித்து வைத்திருக்கிறார்.

நான் உன்மேல் கோபப்படவேண்டும். பிறகு பட்டுக்கொள்கிறேன். இப்போது என்ன செய்வது என்று மட்டும் சொல்.

உன் அண்ணி


ஏப்ரல் 14

அண்ணா,

அண்ணிக்குப் போன் செய்து பேசிவிட்டேன். அவள்மேல் பாயாதே.

மாத்திரையைச் சட்டென்று நிறுத்திவிடாதே, உடம்பு தாங்காது. இன்னொன்று கூடுதலாகவும் போடாதே. அன்று மாதிரி மறுபடி எழுப்பியும் எழாவிட்டால், மூச்சு இழுத்தால், யாரையும் கேட்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடும்படி அண்ணியிடம் சொல்லியிருக்கிறேன். உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் வலிப் பிரிவுக்கென்று ஒரு நர்ஸ் இருக்கிறார். அவரிடம் போ. எட்டு என்றால் எட்டு என்று சொல். அங்கே யாரும் உன்னைத் திட்டமாட்டார்கள்.

என் வேலைக்காகத்தான் நீ போகவில்லை என்று அண்ணி சொன்னாள். அந்தக் காரணத்தை உன்னிடமிருந்து எடுத்துவிடப் போகிறேன். நாளைக் காலை டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அண்ணி மூச்சை எண்ணிக்கொண்டு நின்றாள் என்பதைப் படித்தபிறகு அந்த நாற்காலியில் என்னால் உட்கார முடியவில்லை.

எலி


ஏப்ரல் 21

எலிக்கு,

யாரைக் கேட்டுச் சொன்னாய்? நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் போன் செய்கிறாள், எத்தனை மாத்திரை, எப்போது கடைசியாக என்று போலீஸ்காரி மாதிரி. உன் அண்ணி பக்கத்தில் நின்றுகொண்டு கண்ணைத் துடைக்கிறாள். இரண்டு பெண்பிள்ளைகள் சேர்ந்து என்னைத் திருடனாக்கிவிட்டீர்கள். எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

நான் என்ன, குடித்துவிட்டுத் தெருவில் விழுந்து கிடக்கிறேனா? வலித்தது, சாப்பிட்டேன். டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரைதான், என் பேருக்கு எழுதவில்லை, அவ்வளவுதானே. நாலு நாளாக சைட்டுக்குப் போய்வருகிறேன், அது தெரியுமா உனக்கு? மூன்று மாடி ஏறுகிறேன். சாப்பிட்டால்தான் ஏற முடிகிறது. சாப்பிடாமல் நீ ஏறிக் காட்டு.

உன் வேலையை நீயே கெடுத்துக்கொண்டாய். அதற்கும் நான்தான் காரணம் என்று ஊர் சொல்லும். இனிமேல் எனக்கு எழுதாதே.


மே 2

அண்ணா,

எழுதாதே என்றாய். இது ஆபீஸ் விஷயம் என்று வைத்துக்கொள்.

டாக்டரம்மாவிடம் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். உன் படிவத்தைக் கொண்டுவரச்சொல்லிப் பார்த்தார். அப்புறம் சொன்னார்: "உங்க அண்ணன் ஒருத்தர் விஷயம் மட்டும் இல்லம்மா இது. அந்த ஆறு மார்க்கை நம்பித்தான் கம்ப்யூட்டர் அடுத்த ஆளுக்குக் கணக்குப் போடும். அவருக்கும் தப்பாப் போகும்." நான் அதை யோசிக்கவே இல்லை. உன்னை மாதிரியே எங்கோ ஒருவர் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தால், அதிலும் என் கை இருக்கிறது.

என்னை மேசையிலிருந்து எடுத்துவிட்டார்கள். படிவம் எதையும் தொடக்கூடாது. கீழ்த்தளத்தில் பழைய ஃபைல்களைத் தூசி தட்டி அடுக்குகிறேன். ஜூன் முதல் வாரம் விசாரணை. உன் பழைய படிவத்தை நீக்கிவிட்டார்கள். இத்தோடு வெற்றுப் படிவம் ஒன்று வைத்திருக்கிறேன், டாக்டரம்மா கொடுத்தது. எதற்கு எதைப் போடவேண்டும் என்று இந்த முறை ஒரு வார்த்தையும் எழுதமாட்டேன்.

நீ திட்டினது வலித்தது. பத்துக்கு ஒன்பது.

உடம்பைப் பார்த்துக்கொள் அண்ணா.

எலி


மே 19

அன்புள்ள எலிக்கு,

நலம் என்று எழுத ஆசைதான், இந்த முறை எழுதமாட்டேன். நீ எப்படி இருக்கிறாய்? தூசியில் உனக்கு உடனே தும்மல் வருமே, மூக்கில் துணி கட்டிக்கொண்டு வேலை செய். போன கடிதத்தில் எழுதியதையெல்லாம் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். உன் 'பத்துக்கு ஒன்பதை'ப் படித்துவிட்டு அன்று முழுவதும் சாப்பாடு இறங்கவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். ஹாஸ்டல் மூன்றாம் மாடியில் ஆறு குளியலறை. ஸ்டூலில் உட்கார்ந்து நான்தான் தரைக்கு வாட்டம் சொன்னேன், இங்கே ஏற்று, அங்கே இறக்கு என்று. என் கூட்டாளி கேட்டார்: "மேஸ்திரி, ஒருதடவை ரசமட்டம் வச்சுப் பாத்துடலாமா?" "என் கண்ணை விடவாய்யா?" என்றேன். அன்று காலை மூன்று மாத்திரை போட்டிருந்தேன். டைல்ஸ் பதித்துக் காய்ந்ததும், மே ஐந்தாம் தேதி, தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். மூலையில் இருக்கிற வடிகால் ஜாலிக்குப் போகவேண்டிய தண்ணீர் வாசல் பக்கம் வந்து என் செருப்பை நனைத்தது. அடுத்த அறையிலும் அப்படியே. ஆறிலும் அப்படியே. எலி, இருபத்தாறு வருஷத்தில் ஒரு குளியலறையில்கூட எனக்கு அப்படி ஆனதில்லை. கூட்டாளி துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

காண்ட்ராக்டரிடம் போய், தப்பு என்னுடையது, உடைத்துத் திரும்பப் பதிக்கவேண்டும், காரணம் இதுதான் என்று சொன்னேன். சைட்டிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன், ஈரச் செருப்போடேயே. அந்த நர்ஸ் போலீஸ்காரி இல்லை. உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். தபால்காரர் தந்த மிச்ச அட்டைகளை மறுநாள் கொண்டுபோய் நர்ஸிடம் ஒப்படைத்துவிட்டேன். தபால்காரர் விஷயம் தெரிந்து அழுதுவிட்டார். இப்போது நர்ஸ் தருவதுதான். எட்டு ஏழாகி, ஐந்தாம் நாளிலிருந்து ஆறு. வியர்க்கிறது, கொட்டாவியாக வருகிறது, உடம்பெல்லாம் புல்லரிக்கிறது, உன் அண்ணியைப் பார்த்து எரிந்து விழுகிறேன். செவ்வாயும் வெள்ளியும் போன் வருகிறது. பயிற்சிக்கு ஓர் ஆள் வீட்டுக்கு வந்து காலை மடக்குகிறார். அவர் தலை தெரிந்தாலே எனக்குப் பொறுக்கவில்லை, ஆனாலும் கதவைத் திறக்கிறேன். ஹாஸ்டல் வேலை கைவிட்டுப் போகலாம். கூட்டாளி இப்போதைக்குப் பார்த்துக்கொள்கிறார்.

விசாரணைக்கு என்று உன் டாக்டரம்மாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். முதலில் கேட்டது நான், அவள் மறுத்திருந்தாலும் விட்டிருக்கமாட்டேன் என்று. அது உன் வேலையைக் காப்பாற்றுமா தெரியவில்லை. நடந்ததை எழுதினேன். உன் ஜனவரிக் கடிதத்தை ஏன் கிழிக்கவில்லை என்று அண்ணி கேட்டாள். நீ பயந்துபோய், 'எனக்கு மட்டும் சொல்' என்று கேட்டிருந்தாயே, அந்த வரிக்காகத்தான். அதற்குப் பதில் சொல்ல நாலு மாதம் ஆகிவிட்டது.

முடிவில் எழுதவேண்டியதை இங்கேயே எழுதிவிடுகிறேன், கீழே இடம் இருக்காது: உடம்பைக் கவனி, வேளைக்குச் சாப்பிடு, ஜூனில் என்ன ஆனாலும் முதல் பஸ் பிடித்து இங்கே வா. அண்ணி இன்னும் கோபத்தில்தான் இருக்கிறாள். நேரில்தான் பட்டுக்கொள்வாளாம்.

வெற்றுப் படிவத்தை நிரப்பி நர்ஸிடம் கொடுத்துவிட்டேன். ஆபரேஷனுக்கு முன்னால் எப்படி இருந்ததோ அப்படி நிரப்பச் சொன்னார். நீ தொடக்கூடாதாமே, படிக்கலாம் அல்லவா? முக்கியமானதை மட்டும் நினைவிலிருந்து இங்கே எழுதுகிறேன்.

வலி பத்துக்கு எவ்வளவு? எட்டு. மாடி ஏறும்போது ஒன்பது.

தூக்கம்? இரண்டு வருஷமாகச் சரியாக இல்லை. மனைவிக்குத் தெரியக்கூடாது என்று அசையாமல் படுத்திருப்பேன்.

உடம்பில் வேறு எங்காவது வலி? இடுப்பு. கழுத்து. இரண்டு மணிக்கட்டும்.

ஏற்கெனவே பலமான வலி மாத்திரை சாப்பிடுகிறீர்களா? ஆமாம். போன வருஷம் ஜூலையிலிருந்து. மருந்துக்கடையில் கேட்டு வாங்கினது. யாரிடமும் சொல்லவில்லை.

இந்த வலி தீரவே தீராது என்று தோன்றுகிறதா? ஆமாம். தினமும்.

மனச்சோர்வு, கவலை? இதற்குக் கொடுத்திருந்த இடம் போதவில்லை. பின்பக்கம் எழுதினேன்.

இந்தப் படிவத்தை நிரப்ப யாராவது உதவினார்களா? இல்லை.

அண்ணன்